பொகவந்தலாவையிலிருந்து பாசிக்குடா வரை

மலைநாட்டுத் தோட்டங்களில் வாழ்கிற நமது ஜனங்கள் பிரயாணத்தை அறியாதவர்கள் அல்லர். மார்கழியில் பருவம் தொடங்கியதும் சிவனொளிபாத மலை ஏறுகிறோம். ஆடித் திருவிழாவுக்குக் கதிர்காமம் போகிறோம். மாசி மகத் தேருக்கு மாத்தளை முத்துமாரியம்மனைத் தரிசிக்கப் புறப்படுகிறோம். ஆயினும் கோயிலைத் தவிர்த்து, பிள்ளைகளுக்கு நாட்டைக் காட்டவேண்டும் என்ற நோக்கத்தோடு நாம் ஏற்பாடு செய்கிற பிரயாணங்களில் பெரும்பாலானவை, ஓர் இரவில் புறப்பட்டு, வாகனத்திலேயே உறங்கி, வழியிற் கண்ட இடமெல்லாம் இறங்கிப் படம் பிடித்து, மறுநாள் நடுநிசியில் லயத்து வாசலில் வந்து இறங்கும்போது, பார்த்தது எது, பாதியுறக்கத்தில் கடந்து வந்தது எது என்று பிள்ளைகளுக்கே விளங்காத வகையில் முடிந்துவிடுகின்றன. செலவு என்னவோ குறைவதில்லை. வருஷம் முழுவதும் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் ஒரு பகலில் கரைந்துபோகிறது. மனத்தில் நிற்பதோ வாந்தியும் களைப்பும்தான்.

இதை எழுதுகிற நான் தோட்டப் பாடசாலையொன்றில் ஆசிரியன். என் மனைவி கொழுந்து எடுப்பவள். எழுபதைக் கடந்த என் தாயார் அதே மலைகளில் கொழுந்தெடுத்து ஓய்ந்தவர். இப்படிப்பட்ட ஒரு குடும்பம், கையிலுள்ள பணத்துக்குள், சில தினங்களுக்குள், ஒரு புராதன நகரத்தையும் ஒரு நல்ல கடற்கரையையும் நிதானமாகக் கண்டு திரும்புவது சாத்தியமா என்று கேட்டால், பொலன்னறுவையையும் பாசிக்குடாவையும் இணைத்துச் செல்வோருக்கு அது முற்றிலும் சாத்தியம் என்பதே என் அனுபவம். அநுராதபுரம், சீகிரியா, தம்புள்ளை, திருகோணமலை ஆகிய எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிட வேண்டும் என்கிற ஆசையை முதலில் விட்டுவிட வேண்டும். ஒரு நகரம், ஒரு கடல். அவற்றிடையே சுமார் 70 கிலோமீற்றர் தூரம். சிறு பிள்ளைகளும் வயோதிபர்களும் உள்ள குடும்பத்துக்கு இதற்கு மேல் வேண்டியதில்லை.

காலத்தைத் தெரிவு செய்வதே இப்பிரயாணத்தின் மூலாதாரம். நமது பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கு மேற்குச் சரிவைச் சேர்ந்தது. வைகாசி பிறந்து தென்மேற்குப் பருவக்காற்று வீசத் தொடங்கினால், ஆவணி வரையில் இங்கே மூடுபனியும் தூறலும் ஓய்வதில்லை. துவைத்த துணி காயாது. அடுப்பங்கரைச் சுவர் ஈரமாகவே இருக்கும். அந்த மழைமேகமே மத்திய மலைகளை மோதித் தன் நீரையெல்லாம் இப்பக்கம் கொட்டிவிடுவதால், மறுபக்கத்தில் பொலன்னறுவையும் மட்டக்களப்பும் அதே மாதங்களில் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கின்றன. கச்சான் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீச, கீழ்க்கரைக் கடல் அடங்கிக் கிடக்கிறது. சித்திரை தொடக்கம் புரட்டாசி வரை அக்கடலுக்குப் போகலாம். ஐப்பசிக்குப் பின் வாடைக்காற்றோடு வருகிற பெருமழை தை வரை அங்கே நிற்கும். அந்த மாதங்களில், டிசம்பர் விடுமுறை தானே என்று எண்ணிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கீழ்க்கரைக்குப் போவது பணத்தை நீரில் போடுவதாகும். ஓகஸ்ட் விடுமுறை எல்லாவற்றிலும் உத்தமமானது. கொழுந்து மிகுதியாகத் தளிர்க்கிற சித்திரை, வைகாசி மாதங்களில் ஒருவர் விடுப்பெடுத்தால் இழக்கிற வருமானம் அதிகம். அடைமழைக் காலத்தில் அந்த இழப்பும் சிறிது குறைகிறது. ஆகவே, இங்கே நனைந்துகொண்டிருக்கும் நாட்களில் அங்கே போய் வெயில் காய்வது தொழிலாளிக் குடும்பத்துக்கு இரட்டை நன்மை.

ஓகஸ்டில் போகிறவர்கள் இரண்டு விஷயங்களைப் பஞ்சாங்கத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று, கண்டிப் பெரஹரா நடைபெறும் தினங்கள். அக்காலத்தில் மாலையானதும் நகரின் வீதிகள் மூடப்படுவதால், கண்டியைக் காலையிலேயே கடந்துவிட வேண்டும். மற்றொன்று பௌர்ணமி, போயா தினத்தில் பொலன்னறுவையின் விகாரைகளில் யாத்திரிகர் கூட்டம் நிரம்பியிருக்கும்.

வாகனத்தைப் பொறுத்தவரையில், ஹட்டனிலிருந்து கண்டிக்கும் கண்டியிலிருந்து பொலன்னறுவைக்கும் பஸ்ஸில் போவதே மிக மலிவானது என்பதில் சந்தேகமில்லை. இளைஞர்களுக்கு நான் அதையே சொல்வேன். ஆனால் வயோதிபர் கூட வரும்போது, அக்கம்பக்கத்துக் குடும்பம் ஒன்றையும் சேர்த்துக்கொண்டு, நமக்குப் பழக்கமான சாரதி ஒருவரின் வேனைப் பேசிக்கொள்வது நல்லது. பொலன்னறுவையின் இடிபாடுகள் வடக்குத் தெற்காகப் பல கிலோமீற்றர் தூரம் பரந்து கிடப்பதால், ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு வாகனத்திலேயே போய் இறங்கிக்கொள்ளலாம். பேசுகிறபோதே, எத்தனை கிலோமீற்றர், காத்திருப்புக்கு எவ்வளவு, சாரதியின் சாப்பாடும் தங்குமிடமும் யார் பொறுப்பு என்பவற்றைத் தெளிவாக எழுதி வைத்துக்கொண்டால் பின்னால் மனஸ்தாபம் வராது. சாரதி இரவில் நன்றாக உறங்குவது நம் எல்லோருடைய உயிர் சம்பந்தப்பட்ட விஷயமாகையால், அவருக்கு ஒரு கட்டிலை ஏற்பாடு செய்வதில் சிக்கனம் பார்க்கலாகாது.

மனைவி, தாயார், பிள்ளைகள் இருவர் சகிதம் நாங்கள் விடியுமுன் புறப்பட்டோம். நோர்வூட், ஹட்டன், கினிகத்தேனை என்று வளைவு வளைவாக இறங்குகிற அந்தப் பாதையில், வெறும் வயிற்றோடும் இருக்கக்கூடாது, வயிறு நிறையவும் உண்ணக்கூடாது. ஒரு துண்டு ரொட்டியும் சீனி குறைத்த சாயத்தண்ணியும் போதுமானவை. நாவலப்பிட்டியில் மகாவலி கங்கை பாதையோடு சேர்ந்துகொண்டதும் பிள்ளைகளுக்கு அதைக் காட்டி, இந்த ஆற்றை மறுபடியும் ஓர் இடத்தில் காண்போம், எந்த இடம் என்று நீங்களே கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்லி வைத்தேன். நமது பொகவந்தலாவையில் ஓடுகிற கெஹெல்கமு ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தங்கி, பின்னர் களனி கங்கையாகி மேற்குக் கடலில் விழுகிறது. மகாவலியோ 335 கிலோமீற்றர் தூரம் நாட்டைச் சுற்றிக்கொண்டு கிழக்குக் கடலில் விழுகிறது. நீர் பிரிகிற மலையில்தான் நாம் குடியிருக்கிறோம் என்பதைப் பிள்ளைகள் புத்தகத்தில் படித்தபோது ஏற்படாத வியப்பை, வண்டியின் சாளரத்தோரம் உட்கார்ந்து அந்த ஆற்றைப் பார்த்தபோது அடைந்தார்கள்.

கண்டியைத் தாண்டி மாத்தளையில் இறங்கி, முத்துமாரியம்மன் சந்நிதியில் தேங்காய் உடைத்தோம். அங்கிருந்து தம்புள்ளை வரை செல்கிற வீதியை, மலையகத் தமிழன் எவனும் வெறும் வீதியாகப் பார்க்கலாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட நம் மூதாதையர், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாகக் கால்நடையாய் நடந்து, காய்ச்சலிலும் பேதியிலும் பசியிலும் வழிநெடுகப் பலரைப் பறிகொடுத்து, உயிரோடு மிஞ்சியவர்கள் மாத்தளையை வந்தடைந்த தடம் இதுவே. 2023ஆம் ஆண்டில், மலையக மக்களின் 200 ஆண்டுக்கால வரலாற்றை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபவனி ஒன்று நடைபெற்றதைப் பலர் அறிந்திருப்பார்கள். நம் மூதாதையர் ஏறிவந்த பாதையில் நாம் இறங்கிப் போகிறோம் என்று அம்மாவிடம் சொன்னபோது, அவர் சற்று நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “எங்க தாத்தா இப்பிடித்தான் நடந்தே வந்தாராம் தம்பி, வழியில ஒரு தங்கச்சிய விட்டுட்டு வந்தாராம்” என்றார். அத்தனை வருஷங்களில் அந்தத் தங்கச்சியைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. வயதானவர்களைப் பிரயாணத்தில் சேர்த்துக்கொள்வது சிரமம் என்று எண்ணுகிறவர்கள், இத்தகைய சரித்திரத்தை வேறெந்தப் புத்தகத்திலிருந்து பெறப்போகிறார்கள்?

தம்புள்ளையிலும் சீகிரியாவிலும் நாங்கள் இறங்கவில்லை. ஹபரணையிலிருந்து மின்னேரியா வழியே பொலன்னறுவை போகிற வீதியில், குளத்து நீர் வற்றுகிற ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களில் யானைகள் கூட்டங்கூட்டமாக மின்னேரியாக் குளத்தங்கரைப் புல்வெளிக்கு வருகின்றன. அவை வீதியைக் கடப்பதும் உண்டு. பொழுது சாயுமுன்பே அந்த வழியைக் கடந்துவிடுவது அவசியம். யானையைக் கண்டால் வாகனத்தை விட்டு இறங்குவதோ, பழம் எறிவதோ கூடாது என்று சாரதி சொல்லுமுன் நாமே பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.

பொலன்னறுவையில் தங்குவதற்குச் சிறு விடுதிகள் நிறைய உண்டு. ரயில் நிலையமும் பஸ் நிலையமும் கதுறுவெலையில் இருக்கின்றன. அங்கே தமிழ் பேசுகிற முஸ்லிம் அன்பர்களின் உணவுக்கடைகளில் பிள்ளைகளுக்கு ஏற்றபடி உறைப்புக் குறைத்துச் சமைத்துத் தருமாறு தயக்கமின்றிக் கேட்கலாம். முதல் நாள் மாலையில் இடிபாடுகளுக்குப் போகாமல் பராக்கிரம சமுத்திரத்தின் கரையில் உட்கார்ந்திருப்பதே சிறந்தது. வானத்திலிருந்து விழுகிற ஒரு துளி நீரும் மனிதனுக்குப் பயன்படாமல் கடலைச் சேரலாகாது என்று உறுதிபூண்ட பராக்கிரமபாகு மன்னன், 1153 முதல் 1186 வரை ஆண்ட காலத்தில் பழைய குளங்களையும் சேர்த்து விஸ்தாரமாக்கிய நீர்நிலை அது. இன்றும் அந்நீரே அப்பிரதேசத்தின் வயல்களை வாழவைக்கிறது. நீண்ட பிரயாணத்தின் சலிப்பு அந்தக் கரையில் தீர்ந்தால்தான் மறுநாள் கற்களைப் பார்க்கக் கண்ணுக்குத் தெம்பு வரும்.

காலை ஏழு மணியளவில் வாயில் திறந்தவுடன் உள்ளே போய்விட வேண்டும் என்பதை நான் மிகவும் வலியுறுத்துவேன். குளிரில் பிறந்து குளிரில் வளர்ந்த நமக்கு அவ்வெயில் பழக்கமானதன்று. பத்து மணிக்குப் பின் கருங்கல் தளங்கள் கால் வைக்க முடியாதபடி கொதிக்கின்றன. புனித இடங்களிலோ பாதரட்சையையும் தொப்பியையும் கழற்றியே ஆகவேண்டும். தடித்த காலுறைகளைக் கொண்டு போயிருந்தபடியால் அம்மாவும் பிள்ளைகளும் தப்பினார்கள். தோளும் முழங்காலும் மறைகிற வெள்ளாடையே உகந்தது. புத்தர் சிலைகளுக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொள்வது பிறர் பக்தியைப் புண்படுத்துவது. அங்கே அது தடைசெய்யப்பட்டதும்கூட. வெளிநாட்டார் டொலரில் செலுத்துகிற பெருந்தொகை நாட்டுப் பிரஜைகளாகிய நமக்கில்லை. ஆயினும் அடையாள அட்டையைக் கையோடு வைத்திருங்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட ஒரு தலைமுறையின் பிள்ளைகள் நாம். அந்த அட்டையை ஒரு புராதன நகரத்தின் வாயிலில் எடுத்துக் காட்டுவது எனக்குச் சாதாரண காரியமாகப் படவில்லை.

எல்லாவற்றையும் பார்க்க முயலாமல், சிலவற்றை மட்டும் தெரிந்துகொண்டு பார்த்தோம். மகாவம்சத் தொடர் ஏழு மாடிகளும் ஆயிரம் அறைகளும் கொண்டதாக வர்ணிக்கிற பராக்கிரமபாகுவின் மாளிகையில் இன்று எஞ்சி நிற்பவை தடித்த செங்கற் சுவர்களே. அவற்றின் கனம் ஏறக்குறைய மூன்று மீற்றர். மூத்தவனும் இளையவளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்து நீட்டி அளந்து பார்த்தும் சுவரின் குறுக்களவை எட்டமுடியவில்லை. வட்டதாகையின் வாயிலில் இருக்கிற சந்திரவட்டக் கல்லில் அநுராதபுரத்துக் கற்களிலுள்ள எருது இருக்கிறதா என்று தேடச் சொன்னேன். யானையும் குதிரையும் அகப்பட்டன, எருது அகப்படவில்லை. சைவர்கள் போற்றுகிற நந்தியின் உருவைக் காலால் மிதிக்கலாகாது என்பதற்காகவே பொலன்னறுவையில் அதை நீக்கினார்கள் என்று அறிஞர் பலர் கருதுவதைச் சொன்னபோது, இருவரும் கல்லை மிதிக்காமல் ஓரமாகச் சுற்றிப் போனார்கள். பிள்ளைகளுக்கு வருஷங்களையும் மன்னர் பெயர்களையும் ஒப்புவிப்பதைவிட, தேடுவதற்கு ஒரு பொருளைக் கொடுப்பதே மேல் என்பதை ஆசிரியத் தொழிலில் உள்ள எனக்கு அந்தக் கல் மறுபடியும் உணர்த்திற்று.

ஆனால் நான் குடும்பத்தோடு அங்கே போனதற்குத் தலையாய காரணம் வேறொன்று. நகரின் கிழக்குப் பக்கத்தில், பபளு வெஹெர என்னும் தூபியைக் கடந்து, மரநிழலில் ஒதுங்கி நிற்கிற சிறு கற்றளி ஒன்று உண்டு. தொல்பொருள் ஆராய்ச்சியாளர் அதற்கு இரண்டாம் சிவாலயம் என்று இலக்கமிட்டிருக்கிறார்கள்; அதன் உண்மைப் பெயர் வானவன்மாதேவி ஈஸ்வரம். 993ஆம் ஆண்டளவில் ராஜராஜனின் சேனை அநுராதபுரத்தை அழித்ததும், 1017இல் ராஜேந்திரன் காலத்தில் ஐந்தாம் மகிந்த மன்னன் சிறைப்பட்டதும், சோழர்கள் பொலன்னறுவைக்கு ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டு அங்கிருந்து ஆண்டதும் பாடப்புத்தகத்தில் உள்ள செய்திகள். அந்த ஆட்சிக் காலத்தில் சோழ அரசி ஒருத்தியின் பெயரால் எழுந்த இந்தக் கோயில், அந்நகரில் இன்று நிற்கிற கட்டடங்களில் மிகவும் பழமையானதாகக் கருதப்படுகிறது. மற்ற மாளிகைகளிலும் விகாரைகளிலும் பெரும்பாலானவை கூரையிழந்து நிற்க, முழுவதும் கல்லால் ஆன இதன் விமானம் உச்சி வரை அப்படியே இருக்கிறது. உள்ளே லிங்கம் இருக்கிறது. யாரோ வைத்த பூவும் எரிந்தணைந்த கர்ப்பூரத்தின் கறையும் அதன்முன் இருந்தன.

கோயிலில் வெட்டப்பட்டிருக்கும் தமிழ்ச் சாசனத்தை இளையவள்தான் முதலில் கண்டாள். ஆயிரம் ஆண்டுக்கு அணித்தான எழுத்தாகையால் அவளுக்கு வாசிக்க வரவில்லை. ஆயினும் தகரமும் பகரமும்போல் சில வடிவங்களை இனங்கண்டு, “அப்பாயி, இங்க நம்ம எழுத்து இருக்கு” என்று பாட்டியின் கையைப் பிடித்து இழுத்தாள். பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்புக்கு மேல் படியாத என் தாயார், அரை நூற்றாண்டுக்காலம் கொழுந்து கிள்ளிக் கிள்ளி நகக்கண் கறுத்துப்போன விரல்களைக் கல்லில் தொடாமல், சற்று மேலே காற்றிலேயே அந்தக் கோடுகளின் வழியே நகர்த்திக்கொண்டு போனார். கல்லைத் தொடவேண்டாம் என்று நான் காலையில் பிள்ளைகளுக்குச் சொன்னதை அவரும் கேட்டிருக்கிறார்.

இந்த இடத்தில் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோழர் வந்தார்கள், வென்றார்கள் என்று பெருமை பேசிப் பிள்ளைகளை அங்கிருந்து அழைத்து வருவது சரியன்று. அவர்கள் அழித்ததும் உண்மை. 1070இல் முதலாம் விஜயபாகு அவர்களை வெளியேற்றியதும் உண்மை. அவர்கள் கட்டிய கோயிலைப் பின்வந்த சிங்கள மன்னர்கள் இடிக்காமல் விட்டுவைத்ததும் உண்மை. விஜயபாகு காலத்துத் தந்த தாதுக் கோயிலாகிய அட்டதாகையின் அருகே, வேளைக்காரப் படையினர் புத்தபிரானின் தந்த தாதுவை உயிர்கொடுத்துக் காப்போம் என்று தமிழிலேயே உறுதி எழுதிவைத்த கற்பலகை நிற்கிறது. தமிழ்ப் போர்வீரர்கள் ஒரு பௌத்தத் திருத்தாதுவுக்குக் காவல் பூண்ட சாசனம் அது. கல்விகாரையின் படுத்த நிலைப் புத்தரைப் பார்க்க ஓடுகிற கூட்டத்தில் இதைக் கண்டு நிற்பவர் மிகச் சிலரே. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கிற பிள்ளை, இந்நாட்டின் சரித்திரத்தை ஒருவருக்கொருவர் எறிகிற கல்லாகக் கருதமாட்டான் என்பது என் திடமான நம்பிக்கை.

கல்விகாரையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே பாறையில் குடையப்பட்ட அந்த உருவங்களில், ஏறக்குறைய 14 மீற்றர் நீளமுள்ள சயனத் திருமேனியின் தலையணை, தலையின் பாரத்தால் அமிழ்ந்திருப்பதுபோல் சிற்பி செதுக்கியிருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், அதுவே போதும். பதினொரு மணிக்குள் வெளியே வந்துவிட்டோம். குரங்குகள் மிகுந்த இடமாகையால் உணவுப் பொட்டலங்களை வாகனத்துக்குள்ளேயே வைத்து உண்பது நல்லது. 1907, 1908ஆம் ஆண்டுகளில் எச்.சி.பி. பெல் நடத்திய அகழாய்வில் இங்கே கிடைத்த நடராஜர், சுந்தரர், காரைக்கால் அம்மையார் முதலிய வெண்கலத் திருமேனிகளைக் காண விரும்புகிறவர்கள், பின்னொரு தருணத்தில் கொழும்பு நூதனசாலைக்குப் போகலாம்.

வெயில் உச்சியில் நிற்கிற நேரத்தை வாகனத்தில் கழித்துவிடுவதே புத்தி. மனம்பிட்டிப் பாலத்தில் ஏறியதும் மூத்தவன் துள்ளி எழுந்து, “மகாவலி!” என்று கத்தினான். நாவலப்பிட்டியில் பாறைகளுக்கிடையே நெளிந்த ஆறு இங்கே மணல் திட்டுகளுக்கு நடுவே அகன்று கிடந்தது. வெலிக்கந்தை, புணானை என்று வறண்ட காடுகளைக் கடந்து, ஓட்டமாவடிப் பாலத்தைத் தாண்டி வாழைச்சேனையை அடைந்தோம். அவ்வூர்களில் வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்மாத் தொழுகைக்காகக் கடைகள் மூடப்பட்டிருக்கும். அன்றைய தினம் போகிறவர்கள் தண்ணீரையும் உணவையும் முன்கூட்டியே வாங்கிக்கொள்ள வேண்டும்.

பாசிக்குடாவைப் போல் குழந்தைகளுக்கும் முதியோருக்கும் ஏற்ற கடல் நமது தீவில் வேறொன்றுண்டா என்று எனக்குச் சந்தேகமே. பிறைபோல் வளைந்த குடா. கடலுக்குள் தூரத்தே முருகைக்கல் தொடர் ஒன்று அலைகளை மறித்து நிற்பதால், நீர் குளம்போல் அடங்கியிருக்கிறது. வெகுதூரம் நடந்து போனாலும் இடுப்பளவுக்கு மேல் ஏறுவதில்லை. யுத்தகாலத்தில் பெரும்பாலும் மக்கள் அண்ட முடியாதிருந்ததும், 2004 டிசம்பர் 26ஆம் தேதி ஆழிப்பேரலை வாரிக்கொண்டு போனதும் இதே கரைதான். இன்று அங்கே நிற்கிற பெரிய விடுதிகள் 2009க்குப் பின்னர் எழுந்தவை. அவற்றில் தங்குவது நம்மைப் போன்றவர்களின் சக்திக்கு அப்பாற்பட்டது. வாழைச்சேனையிலும் கல்குடாவிலும் உள்ள சிறிய விடுதிகளில் விசாலமான அறையொன்றை எடுத்துக்கொண்டு, பொதுஜனங்கள் குளிக்கிற கரைப்பகுதிக்கு வந்தால் போதும். கடல் எல்லோருக்கும் ஒரே கடல்தான்.

கரையில் மாங்காய்க்கு மிளகாய்த்தூள் தடவி விற்றுக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர், எங்கள் பேச்சைக் கேட்டு, “எங்கிருந்து மனே வாறீங்க?” என்று விசாரித்தார்.

“ஹட்டன் பக்கமுங்க, பொகவந்தலாவ.”

“அங்கால கல்குடாப் பக்கம் புள்ளைகள இறக்காதீங்க மனே, அது இழுக்கிற கடல். இஞ்சால குளிங்க.”

இத்தகைய வார்த்தையை எந்த வழிகாட்டி நூலைவிடவும் பெரிதாக மதிக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்திலுள்ள இரண்டு குடாக்களில் ஒன்று காப்புடையது, மற்றொன்று திறந்த கடல் என்பது பார்வைக்குத் தெரியாது. சிவப்புக் கொடி நட்டிருந்தால் முழங்காலளவும் இறங்கலாகாது. ஆற்றிலும் நீர்த்தேக்கத்திலும் நீந்தப் பழகியவன் என்கிற தைரியத்தில் நம் இளைஞர்கள் கடலில் ஆழம் பார்ப்பது வழக்கம். அதிலும் மது அருந்திவிட்டு இறங்கி மாண்டவர்களின் உடலைச் சுமந்துகொண்டு மலையேறிய வாகனங்களை நாம் கண்டிருக்கிறோம். குடும்பத்தோடு போகிற பிரயாணத்தில் ஒரு போத்தலும் ஏறக்கூடாது என்று புறப்படுமுன்பே உறுதியாகப் பேசிவிடுங்கள்; அதற்கு இணங்காதவர் எவ்வளவு நெருங்கிய உறவானாலும் அவரை விட்டுவிட்டுப் போங்கள்.

நான்கு மணிக்குப் பின்னரும், மறுநாள் விடியற்காலையிலும் கடலில் இறங்குவது உசிதம். நடுப்பகல் வெயில் நம் பிள்ளைகளின் தோலை ஓரிரு மணியில் உரித்துவிடும். உப்பு நீரில் நனைந்த ஆடையோடு நெடுநேரம் இருந்தால் தொடையிடுக்குப் புண்ணாகும். நல்ல தண்ணீரில் குளிக்க வசதியுண்டா என்பதை விடுதி பேசும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். முருகைக் கல்லை உடைத்தெடுப்பதோ சிப்பிகளை மூட்டை கட்டுவதோ வேண்டாம். மாலையில் மீனும் சோறும், பின்னர் சட்டியில் உறைந்த மட்டக்களப்பு எருமைத் தயிரும் கித்துள் பாணியும் உண்டோம். அந்தத் தயிரைத் தவறவிட்டு மலையேறாதீர்கள்.

என் தாயார் கடலைக் கண்டது அன்றுதான் முதல் முறை. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தினால் இந்தியா போகப் பெயர் விழுந்த அவருடைய மூத்த தமையனார், ஒப்பாரிக் கோச்சி என்று நம் ஜனங்கள் அழைத்த அந்தத் தலைமன்னார் ரயிலில் ஹட்டன் நிலையத்திலேயே ஏறிப் போய்விட்டார். வழியனுப்பப் போன தங்கை கண்டது ரயிலையே தவிரக் கப்பலையன்று. சேலையை முழங்காலுக்குச் சற்றுக் கீழே தூக்கிச் செருகிக்கொண்டு நீரில் நின்றவர் என்னைத் திரும்பிப் பார்த்து, “அண்ணன் போனது இந்தக் கடல் வழியாவா தம்பி?” என்று கேட்டார். அது மேற்குப் பக்கம், மன்னார்ப் பக்கம் என்றும், ஆனாலும் நீரெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்ததுதான் என்றும் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் ஒரு கை நீரை அள்ளி, வாயில் வைத்து, உப்பைச் சுவைத்துப் பார்த்தார். பின்பு பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, நான் எதிர்பாராத அளவு தூரம் உள்ளே நடந்து போனார். என் மனைவி அவர்கள் பின்னாலேயே போனாள்.

திரும்பிவருகிற நாளை, அடுத்த நாள் பெரட்டுக்குப் போகவேண்டியதாக வைத்துக்கொள்ளாதீர்கள். வெயிலிலிருந்து மூடுபனிக்கு ஏறிவருகிற உடம்புக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும். ஹட்டனை நெருங்குமுன்பே பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டையை மாட்டிவிட வேண்டும். வீட்டில் அரிசியும் விறகும் எடுத்துவைத்துவிட்டுப் போனால் வந்திறங்கிய இரவில் மனைவிமார் துன்பப்படமாட்டார்கள். ஓகஸ்ட் பிரயாணத்துக்குத் தையிலேயே சீட்டுத் தொடங்குங்கள். வாகனத்தையும் விடுதியையும் ஆனி மாதத்துக்குள் பேசி முடித்துவிடுங்கள். உங்கள் லயத்தில், இத்தனை வயதாகியும் கடலைக் காணாத ஒரு தாயோ தகப்பனோ இருந்தால், அவர் உங்கள் உறவினராயினும் அல்லராயினும், வாகனத்தின் முன் ஆசனத்தை அவருக்கென்று ஒதுக்கி வையுங்கள்.